747-ஐ நம்பி லோட்மாஸ்டர் ஆகலாமா?

கேள்வி: வயது 29. ஷார்ஜா விமான நிலையத்தில் சரக்கு கையாளும் நிறுவனம் ஒன்றில் லோட் பிளானராக இருக்கிறேன். போயிங் 747 சரக்கு விமானங்கள் வைத்திருக்கும் ஒரு கம்பெனியில் லோட்மாஸ்டர் (விமானத்தில் சரக்கு ஏற்றுவதை நின்று கவனிப்பவர்) பயிற்சிக்கு இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. செலவில் ஒரு பங்கை நான் போட வேண்டும், சேமிப்பு கரைந்துவிடும். “அந்த விமானத்தைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள், அதைப் போய்ப் படிக்கிறீர்களா? புது ஏர்பஸ், போயிங் வரட்டும், அதில் சேருங்கள்” என்கிறார் மச்சான். ஆனால் புதுசு எல்லாம் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. இவ்வளவு பெரிய சரக்கு விமானங்களுக்கு உண்மையில் வியாபாரம் இருக்கிறதா? ஏ380 சரக்கு விமானம் மாதிரி இவையும் வராமலே போய்விடுமா?
– பெயர் வேண்டாம், ஷார்ஜா

பதில்: பயிற்சியில் சேருங்கள். புதுசு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மச்சான் சொன்ன தகவல் சரிதான். கடைசி 747, 2023 ஜனவரி 31-ல் அட்லஸ் ஏர் கைக்குப் போனது. ஆனால் அந்தக் கடைசி விமானமே ஒரு சரக்கு விமானம் என்பதை அவர் கவனிக்கவில்லை. பயணிகள் விமானக் கம்பெனிகள் 747-ஐக் கைவிட்ட பிறகும் சரக்குக்காரர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். சரக்கு விமானம் முப்பது வருஷம் உழைப்பது சாதாரணம். நீங்கள் ஓய்வு பெறும் வயதை நெருங்கும்போதும் அந்தக் கடைசி விமானம் எங்காவது சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தால் ஆச்சரியமில்லை.

ஏ380 பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அதில் இருக்கிறது. மூன்று தளம், 150 டன் சரக்கு, 10,400 கிலோமீட்டர் என்று ஏர்பஸ் காகிதத்தில் காட்டிய அந்தச் சரக்கு விமானத்துக்கு மொத்தம் 27 ஆர்டர் வந்தது. ஃபெடெக்ஸ் 10, யுபிஎஸ் 10, மிச்சம் எமிரேட்ஸும் ஐஎல்எஃப்சி என்ற குத்தகை நிறுவனமும். அப்புறம் வயரிங் தகராறு வந்தது. ஹாம்பர்க்கில் ஒரு பதிப்பு வடிவமைப்பு மென்பொருள், டூலூஸில் வேறொரு பதிப்பு. ஜெர்மனியில் செய்த வயர்க் கட்டுகள் பிரான்சில் பொருத்தப் போனபோது இடத்தில் உட்காரவில்லை. பயணிகள் விமானமே இரண்டு வருஷம் பின்னால் போனது, சரக்கு விமானம் அதற்கும் பின்னால். 2006 நவம்பரில் ஃபெடெக்ஸ் பத்தையும் ரத்து செய்தது. கூடவே 15 போயிங் 777எஃப் வாங்குகிறோம் என்றும் அறிவித்தது. 2007 மார்ச்சில் யுபிஎஸும் விலகியதும் கையில் வாடிக்கையாளரே இல்லை.

தாமதத்தால் செத்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. 27 ஆர்டரில் இருபது பார்சல் கம்பெனிகளுடையது என்பதைக் கவனியுங்கள். பார்சல் லேசான சரக்கு, எடை நிரம்புவதற்கு முன்னாலேயே இடம் நிரம்பிவிடும். அவர்களுக்கு மூன்று தளம் லாபம். பொதுச் சரக்கு ஏற்றுபவர்களுக்கு? கன மீட்டருக்கு 167 கிலோவுக்கு மேல் போனால் கனத்த சரக்கு, குறைந்தால் லேசான சரக்கு என்ற கணக்கை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடித்தளத்துக்கு மேலே இருக்கும் இடத்தை இரண்டு தளமாகப் பிரித்ததால் எந்தத் தளத்திலும் 3 மீட்டர் உயரப் பேலட் (சரக்கை அடுக்கிக் கட்டும் தட்டு) நிற்காது. மேல் தளத்துக்கு எட்டுகிற லோடர் (சரக்கைத் தூக்கி ஏற்றும் வண்டி) பெரும்பாலான விமான நிலையங்களில் கிடையாது. காக்பிட் தளங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதால் மூக்கையும் திறக்க முடியாது. தாமதம் இல்லாமல் இருந்திருந்தால் அந்த 27 விமானமும் பறந்திருக்கும். 28-வது ஆர்டர் வந்திருக்குமா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

ஃபெடெக்ஸ் தாவிய 777எஃப் ஏற்றுவது 102 டன்தான். ஆனால் இரண்டே இன்ஜின், ஒரே மெயின் டெக் (முக்கியச் சரக்குத் தளம்), 3 மீட்டர் பேலட் நேராக உள்ளே போகும். 2009-ல் முதல் விமானம் வந்தது, இதுவரை 250-க்கும் மேல் விற்றிருக்கிறது.

747-ன் கடைசி சரக்கு ரகமான 747-8எஃப்பும் தாமதமாகத்தான் வந்தது. 2005-ல் லக்ஸம்பர்க்கின் சரக்குக் கம்பெனி கார்கோலக்ஸும் ஜப்பானின் நிப்பான் கார்கோவும் ஆர்டர் கொடுத்துத் தொடங்கி வைத்தார்கள். 2009-ல் வர வேண்டியது 2011 அக்டோபரில் வந்தது. அதற்கு முந்தைய மாதம், டெலிவரி விழாவுக்கு எல்லாம் தயாரான பிறகு, பேசியபடி இல்லை என்று கார்கோலக்ஸ் விமானத்தை எடுக்க மறுத்த கூத்தும் நடந்தது. அதற்குள் சரக்குச் சந்தை படுத்துவிட்டது. 2016-ல் போயிங் மாதத்துக்கு அரை விமானம் என்ற வேகத்துக்கு இறங்கியது. அப்போது கைகொடுத்தது யார் தெரியுமா? ஏ380-ஐ வேண்டாம் என்ற அதே யுபிஎஸ். 2016-ல் 14, 2018-ல் இன்னொரு 14. அவர்களிடம் ஏற்கெனவே 747-400 சரக்கு விமானங்கள் இருந்தன. அதே லோடர், அதே பேலட், பெரும்பாலும் அதே ஆட்கள். மொத்தம் 107 சரக்கு விமானங்களோடு அந்த வரிசை முடிந்தது. பிரமாதமான எண்ணிக்கை இல்லை, ஆனால் கேவலமும் இல்லை.

இப்போதைய நிலவரத்துக்கு வருவோம். 2006-க்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு ஏர்பஸ் தாமதித்தால் போயிங்கிடம் போக முடிந்தது. இன்றைக்கு இரண்டு பேரும் தாமதம்.

111 டன் ஏற்றும் ஏர்பஸின் புதுச் சரக்கு விமானம் ஏ350எஃப் 2025-ல் வரும் என்றார்கள், 2026 என்றார்கள், இப்போது 2027-ன் பிற்பாதி. போயிங் 777-8எஃப்பும் ஏறக்குறைய அதே அளவு சரக்கு ஏற்றும். 2022 ஜனவரியில் கத்தார் ஏர்வேஸ் 34 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்துத் தொடங்கி வைத்தது. (ஏ350 விமானங்களில் பெயின்ட் உரிந்த விவகாரத்தில் கத்தாரும் ஏர்பஸும் கோர்ட்டில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம் அது என்பதை மறக்க வேண்டாம்.) 2027-ல் வருவதாக இருந்தது. பிறகு 2028 என்றார்கள். இப்போது, பயணிகளுக்கான 777-9 வந்து சுமார் இரண்டு வருஷம் கழித்து என்கிறார்கள். அந்த 777-9 வருவதோ 2027-ல். அதுவே முதலில் 2020-ல் வர வேண்டிய விமானம்!

வேறு வழிகளும் அடைபட்டிருக்கின்றன. பழைய 777-300இஆர் பயணிகள் விமானங்களைச் சரக்குக்கு மாற்றும் இஸ்ரேல் நிறுவனத்தின் திட்டத்துக்கு 2025 ஆகஸ்டில்தான், பல வருஷ இழுபறிக்குப் பிறகு, சான்றிதழ் கிடைத்தது. மாற்றுவதற்குப் பழைய விமானம் வேண்டுமே? 777-9 வராததால் பயணிகள் கம்பெனிகள் பழையதை விடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. இப்போதைய 777எஃப் தயாரிப்புக்கும் 2028-ல் நடைமுறைக்கு வரும் கார்பன் விதி முட்டுக்கட்டை. போயிங் விலக்கு கேட்டிருக்கிறது. போதாததற்கு 2025 நவம்பரில் அமெரிக்காவின் லூயிவிலில் நடந்த விபத்துக்குப் பிறகு எம்டி-11 சரக்கு விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன.

ஆகவே யாரும் ஆர்டரைத் தூக்கி எறிந்துவிட்டு ஓட இடமில்லை. புதுசு வரும்வரை கையில் இருக்கும் 747-ஐத்தான் ஓட்டுவார்கள். ஒவ்வொரு ஒத்திவைப்பு அறிவிப்பும் உங்கள் வேலைக்கு ஒரு வருஷத்தைக் கூட்டிக் கொடுக்கிறது. புதுசு இரண்டும் வராமல் போகாது. வடிவம் சரக்குக்குப் பொருந்துகிறது, அகலமான பக்கக் கதவு, ஒரே மெயின் டெக். பெயர் பெரிசாக இருந்தாலும் அவை 777எஃப்பின் வாரிசுகள், ஏ380-ன் வாரிசுகள் அல்ல.

ஆனால் 747 செய்யும் ஒரு வேலையை இவை இரண்டும் செய்யப் போவதில்லை. மூக்குக் கதவு. நீளமான குழாய், துளையிடும் கருவி, ஹெலிகாப்டர் இறக்கை போன்றவற்றை நேராக உள்ளே தள்ளும் வசதி இந்த மூன்றில் அதற்கு மட்டும்தான். மூக்கைத் திறக்கும் வேறு ராட்சத விமானங்களில் அன்டோனோவ் 225 உக்ரைனின் ஹோஸ்டோமலில் 2022-ல் அழிந்தது. அன்டோனோவ் 124 ரகத்தில் பறப்பவை சொற்பம். எண்ணெய், எரிவாயுத் தொழில் சூழ்ந்த ஷார்ஜாவில் இருந்துகொண்டு அந்தச் சரக்குக்கு ஆள் தேவைப்படாது என்று எப்படி நினைப்பது?

ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். சரக்கு விலை சட்டென்று விழும் தொழில் இது. சீனாவிலிருந்து வரும் சின்னப் பார்சல்களுக்கான வரிவிலக்கை 2025-ல் அமெரிக்கா எடுத்ததும் பசிபிக் பாதை ஆட்டம் கண்டது. உலக விமானச் சரக்கில் ஏறக்குறைய பாதி பயணிகள் விமானத்தின் பெல்லியில் (பயணிகளுக்குக் கீழே உள்ள அறையில்)தான் போகிறது. எண்ணெய் விலை ஏறி, கட்டணம் இறங்கினால், நான்கு இன்ஜின் கொண்ட பழைய 747-400 தான் முதலில் ஓரம் கட்டப்படும். லோட்மாஸ்டர் சார்ட்டர் பயணங்களில் விமானத்தோடேயே போக வேண்டியிருக்கும், வீட்டுக்கு நாள்கணக்கில் வர முடியாது. இதை மனைவியிடம் பேசினீர்களா என்று கடிதத்தில் இல்லை. மச்சானிடம் பேசியதற்கு முன் அங்கே பேசியிருக்க வேண்டும்.

பயிற்சியில் 747-க்கு மட்டும் உரியதைக் கொஞ்சமாகவும், எங்கும் செல்லுபடியாகும் வேலையை அதிகமாகவும் கற்றுக்கொள்ளுங்கள். கனத்த ஒற்றைச் சரக்கின் எடையைத் தளத்தில் பரப்புவது, லேஷிங் (சரக்கை நகராமல் கட்டுவது) கணக்கு, ஆபத்தான பொருள், குதிரை மாதிரி உயிருள்ள சரக்கு. இவை நாளை 777-8எஃப்பிலும் ஏ350எஃப்பிலும் அப்படியே வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் கம்பெனியிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். பயிற்சி முடித்து எத்தனை வருஷம் பாண்டு, நடுவில் அவர்களே வேலையைக் குறைத்தால் நீங்கள் போட்ட பணம் திரும்புமா? எழுத்தில் வாங்குங்கள். இரண்டாவது, அவர்களுடைய 747-களில் எத்தனை -8எஃப், எத்தனை தொழிற்சாலையிலேயே சரக்குக்காகச் செய்த 400, எத்தனை பயணிகள் விமானத்தை மாற்றியவை? மாற்றியவற்றில் மூக்குக் கதவு கிடையாது. முழுக்க அந்த ரகம்தான் என்றால் இந்த இடத்தை விட்டுவிட்டு வேறு கம்பெனியில் முயலுங்கள்.