பழைய காரின் இருக்கைகளை வீட்டிலேயே புதுப்பித்தல்: கேள்வி பதில்

என் தந்தை சிங்கப்பூரின் தேக்காவில் தையற்கடை வைத்திருந்தவர். அவரிடம் கற்ற தொழிலைப் பழைய கார்களின் இருக்கைகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இருக்கை உறைகளைத் தாமே மாற்ற விரும்பும் அன்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு, நான் கையால் செய்து பார்த்தவற்றை வைத்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஈசூன்): ஐயா, என்னிடம் 1967ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் உள்ளது. முன்னிருக்கைகளின் உறை கிழிந்து தொங்குகிறது. வேலையை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் ஒரே ஓர் இருக்கையைக் கழற்றுங்கள்; மற்றொன்று அப்படியே காரில் இருக்கட்டும். எந்த மடிப்பு எங்கே போனது என்று பாதி வேலையில் குழப்பம் வரும்போது, பிரிக்காத அந்த இருக்கைதான் உங்களுக்கு வழிகாட்டும். கழற்றியதைக் கவிழ்த்து, உறையைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஒவ்வொரு கவ்வியையும் கம்பி வளையத்தையும் படமெடுத்துக் கொள்ளுங்கள். வளையங்களை வெட்டி எடுத்துவிடலாம். திரும்பப் பொருத்தும்போது புதியவற்றைத்தான் போட வேண்டும்.

கிழிந்துவிட்டது என்பதற்காகப் பழைய உறையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். புதிய உறைக்கான அளவுப்படம் அதுவே. தையலைப் பிரிப்பதற்கு முன்பே, இரண்டு துண்டுகள் சேரும் இடமெல்லாம் ஐந்தாறு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, தையலுக்குக் குறுக்காக, இரண்டு துண்டிலும் படும்படி போடுங்கள். ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும் ‘இடது இருக்கை, சாய்மானம், மேல்’ என்பதுபோல எழுதிய பிறகுதான் பிரிக்க வேண்டும். துண்டுகளை மணிலாத் தாளில் (கெட்டியான பழுப்புத் தாள்) வைத்து வரைந்து, சுற்றிலும் 12 மில்லிமீட்டர் தையலுக்கு விடுங்கள். ஐம்பது ஆண்டுகள் ஒருவர் உட்கார்ந்து எழுந்த துண்டு ஒரு பக்கம் இழுபட்டிருக்கும் என்பதால், அதை நடுவில் மடித்து இரு பாதிகளையும் ஒப்பிட்டு, இழுபடாத பாதியின் அளவையே இரண்டு பக்கத்துக்கும் எடுத்துக்கொள்வது நல்லது.

நடுவில் குழல் குழலாக ஓடும் மடிப்புகள் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. துணியைச் சரியான அளவுக்கு வெட்டிவிட்டு அதன்மேல் குழல் தைத்தால், ஒவ்வொரு குழலும் சிறிது துணியை விழுங்கிக் கடைசியில் துண்டு குறுகிப்போகும். ஆகவே பெரிய துண்டாக எடுத்து, அடியில் துணி ஒட்டிய 6 மில்லிமீட்டர் ஸ்பாஞ்சை வைத்துக் குழல்களை முதலில் தைத்து முடித்துவிட்டு, அதன் பிறகே தாள் அளவை மேலே வைத்து வெட்ட வேண்டும்.

கேள்வி (தெம்பனிஸ்): தோல் போடுவதா, ரெக்சின் போடுவதா?

பதில்: காரில் முதலில் எது இருந்ததோ அதைப் போடுங்கள் என்பதே என் கருத்து. நாம் இன்று ரெக்சின் என்று சொல்லி வாங்குவது பெரும்பாலும் வினைல், அதாவது பிளாஸ்டிக் பூசிய துணிதான். உண்மையான ரெக்சின், இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே தயாரான, செல்லுலோஸ் பூச்சுள்ள துணி. பெயர் மட்டும் நம் பேச்சில் நிலைத்துவிட்டது.

நம் ஊரைப் பொறுத்தவரை ஈரப்பதத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய கார்களுக்கான கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிந்த காரை ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்ட முடியும்; மீதி நாளெல்லாம் அது மூடிய கண்ணாடிகளோடு நிற்கிறது. அப்படி நிற்கும் காரில் தோல்மேல் வெண்பூஞ்சை விரைவாகப் பிடிக்கும். தோல் போட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கதவுகளைத் திறந்து காற்றாட விட்டுத் துடைக்க உங்களுக்கு நேரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் நல்ல வினைலே போதும், அதில் குறைவு ஒன்றுமில்லை.

கேள்வி (புக்கிட் பாத்தோக்): அண்ணா, என் மெர்சிடிஸ் 123 ஓட்டுநர் இருக்கை ஒரு பக்கம் அமுங்கிவிட்டது. உறை நன்றாகவே இருக்கிறது. அடியில் பழுப்பு நிறத் தூள் கொட்டுகிறது.

பதில்: உறையை மாற்ற வேண்டாம், தம்பி. கோளாறு அதற்கு அடியில் இருக்கிறது. அந்தக் காலத்து ஜெர்மன் கார்களில் ஸ்பிரிங்குகளுக்கு மேல் ரப்பர் கலந்து அழுத்திய நார் மெத்தை வைத்திருப்பார்கள். ரப்பர் காய்ந்து நார் நொறுங்குவதால்தான் தூள் கொட்டுகிறது. ஏறி இறங்கும் பக்கத்தில் ஸ்பிரிங்கும் உடைந்திருக்கும். சட்டத்தைக் கம்பித் தூரிகையால் துருநீக்கி, துருத்தடுப்புச் சாயம் பூசி, உடைந்த ஸ்பிரிங்கை மாற்றி, அதன்மேல் கெட்டியான கோணித் துணியைக் கட்டிய பிறகே புதிய மெத்தையை வையுங்கள். கோணி இல்லாவிட்டால் ஸ்பிரிங் மெத்தையை அறுத்துக்கொண்டு உள்ளே போய்விடும். நார் மெத்தைக்குப் பதிலாகச் சாதாரண சோபா ஸ்பாஞ்சை வைத்து ஒருமுறை நான் செய்து கொடுத்த இருக்கை ஓராண்டுக்குள் அமுங்கிப்போனது. அதை என் செலவில் மறுபடி செய்தேன். வாங்கும்போது தடிமனைக் கேட்பதோடு நிறுத்தாமல் அடர்த்தியையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): அம்மாவின் பழைய சிங்கர் இயந்திரத்தில் தைக்க முடியுமா?

பதில்: வினைல் இரண்டு மூன்று அடுக்கு வரை தாராளமாகத் தைக்கலாம். பைப்பிங் (விளிம்பில் வைத்துத் தைக்கும் கயிறு போன்ற பட்டை) வந்து சேரும் மூலைகளில் மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். 18ஆம் எண் ஊசி, தையல் நீளம் 4 மில்லிமீட்டர். நெருக்கித் தைத்தால் உறுதி என்று நினைத்துப் பொடித் தையல் போட்டால், துளை வரிசையிலேயே வினைல் கிழியும். பருத்தி நூல் நம் ஈரத்தில் இற்றுவிடும், நைலான் வெயிலில் வலுவிழக்கும். ஆகவே தடித்த பாலியெஸ்டர் நூலை வாங்குங்கள். குண்டூசி குத்தினால் துளை மறையாது. துணி காயப்போடும் கவ்விகளே போதும். முழுத் தோல் இருக்கை என்றால் துணியை மேலிருந்தும் கீழிருந்தும் சேர்த்துப் பிடித்து நகர்த்தும் தொழிற்கூட இயந்திரம் வேண்டும்.

கேள்வி (அங் மோ கியோ): கூரைத் துணி தலையில் இடிக்கும் அளவுக்குத் தொங்குகிறது. பசை தெளித்து ஒட்டினேன், ஒரே மாதத்தில் மீண்டும் தொங்கிவிட்டது.

பதில்: 1980களின் கார் என்று நினைக்கிறேன். அவற்றில் துணிக்கும் பலகைக்கும் இடையே மெல்லிய நுரைப்படலம் உண்டு. அது மாவாகிவிட்ட பிறகு எந்தப் பசையும் அந்த மாவில்தான் ஒட்டும். பலகையை வெளியே எடுத்து, பழைய நுரையை முழுவதும் தேய்த்தெடுத்து, நுரை ஒட்டிய புதுத்துணியை வெப்பம் தாங்கும் பசையால் ஒட்டுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் 60 பாகை செல்சியஸ் வரை சூடேறக்கூடும்; சாதாரணப் பசை அதில் இளகிவிடும்.

வோக்ஸ்வேகன் பீட்டில் போன்றவற்றில் கூரைத் துணி கம்பி வளைவுகளில் தொங்கும். ஒவ்வொரு கம்பியின் வளைவும் வேறு என்பதால் கழற்றும்போதே எண் ஒட்டி வையுங்கள். முன், பின் கண்ணாடிகளைக் கழற்றாமல் அதைச் சரியாக இழுத்துப் பொருத்த முடியாது. அந்த ஒரு வேலையை மட்டும் முதன்முறை செய்பவர்கள் தொழில்தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

கேள்வி (ஜூரோங்): வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பசை தெளிப்பது பாதுகாப்பானதா?

பதில்: சன்னல்கள் எல்லாம் திறந்திருக்க வேண்டும், விசிறி காற்றை வெளியே தள்ள வேண்டும். அடுப்பும் சாமி விளக்கும் அணைந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பசையின் ஆவி எளிதில் தீப்பற்றும். குழந்தைகள் வீட்டில் இல்லாத நேரமாகப் பாருங்கள்.

கேள்வி (ஈசூன் அன்பரே மீண்டும்): எல்லாம் முடிந்ததும் இருக்கையை உடனே பொருத்திவிடலாமா?

பதில்: அதற்கு முன் தரைக் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். அடியில் ஈரம் இருந்தால், கதவு ரப்பரிலோ முன்கண்ணாடி ரப்பரிலோ நீர் கசிகிறது என்று பொருள். அதை அடைத்து, தரை முழுவதும் உலர்ந்த பிறகே இருக்கை உள்ளே போக வேண்டும். புதிய உறையை இழுத்துப் பொருத்துவதற்கு முன் அரைமணி நேரம் வெயிலில் வைத்தால் வினைல் இளகி மூலைகளில் சுருக்கமின்றி உட்காரும். இருக்கை நகரும் தண்டவாளத்தின் போல்ட்டுகளையும் இருக்கைவாரின் போல்ட்டுகளையும் முழுமையாக இறுக்கி, ஒரு வாரம் ஓட்டிய பின் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.