மூன்று மணிக்கு மாவு அரைக்க எழும் அம்மா

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 76. அப்பாவும் அவருமாகச் சேர்ந்து கும்பகோணத்தில் முப்பத்தைந்து வருஷம் இட்லிக் கடை நடத்தினார்கள். அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, அல்சைமர் வகை டிமென்ஷியா (மறதி நோய்) என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து, மாவு அரைக்க வேண்டும் என்று அடுப்பைப் பற்றவைக்கிறார். சாயங்காலம் ஆனால் ‘வீட்டுக்குப் போகணும்’ என்று வாசலில் நிற்கிறார். அப்பா எங்கே என்று கேட்கிறார். தன் செயினை என் மனைவி திருடிவிட்டதாகத் தெருவெல்லாம் சொல்கிறார். கடந்த பத்து நாளாக ரொம்ப மோசம். பகலில் தூங்கி விழுகிறார், இல்லாத ஆட்களோடு பேசுகிறார். சென்னை அண்ணனும் சிங்கப்பூர் தங்கையும், ‘போனில் நன்றாகத்தானே பேசுகிறார், நீங்கள்தான் பெரிதாக்குகிறீர்கள்’ என்கிறார்கள். அண்ணன், ‘அம்மாவுக்காக நாம் கையெழுத்துப் போட பவர் எழுதி வாங்கிவிடலாம்’ என்கிறான். நான் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன், வீட்டுக்கு வர இரவு ஒன்பது ஆகிவிடும். அம்மாவை என் மனைவி பார்த்துக்கொள்கிறாள். தூக்க மாத்திரை கேட்டு வாங்கலாமா? இல்லை, ஹோமில் சேர்த்துவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கும்பகோணம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது மூன்று மணி அடுப்பு இல்லை. ‘கடந்த பத்து நாளாக ரொம்ப மோசம்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். அல்சைமர் மெதுவாக நகரும் நோய். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் இறங்கும். பத்தே நாளில் ஒருவர் இப்படிச் சரிந்தால், கூடவே வேறு ஏதோ புகுந்திருக்கிறது என்று அர்த்தம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், போதிய தண்ணீர் குடிக்காதது, ரத்தத்தில் சோடியம் குறைவது, சர்க்கரை ஏறி இறங்குவது, எங்கோ வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டதை யாரும் கவனிக்காமல் விட்டது, புதிதாகச் சேர்த்த ஒரு மாத்திரை. இவற்றில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் காய்ச்சல், எரிச்சல் எதுவும் இல்லாமல் குழப்பம் மட்டும்கூட வரும். ஆகவே நாளைக் காலையிலேயே அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ‘பத்து நாளில் இப்படி ஆகிவிட்டது’ என்ற அந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்கள். ‘டிமென்ஷியா இருக்கு டாக்டர், இப்போ முத்திடுச்சு’ என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டு போனால், அவரும் தலையாட்டிவிட வாய்ப்பு உண்டு.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். என் மாமியாரை ஏழு வருஷம் வீட்டில் வைத்துப் பார்த்தேன். ஒருமுறை இதே மாதிரி ஆனபோது, நோய் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது என்று நாங்களே நினைத்துக்கொண்டு ஒரு வாரத்துக்கு மேல் சும்மா இருந்தோம். கடைசியில் பார்த்தால் உடம்பில் உப்பு இறங்கியிருந்தது. சரிசெய்ததும் பழைய அத்தை திரும்பி வந்தார். பழைய மறதியோடுதான், ஆனாலும் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் உறுத்துகிறது.

போகும்போது வீட்டில் இருக்கும் மாத்திரை, டானிக் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்குகிற அவில் போன்ற மாத்திரைகள்கூட இவர்களுக்குக் குழப்பத்தை அதிகமாக்கும். வைட்டமின் பி12, தைராய்டு இரண்டும் பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள். இவை குறைந்தாலும் மறதி வரும், ஆனால் இவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது.

தூக்க மாத்திரைக்கு என் பதில்: நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். இந்த வயதில் தூக்க மாத்திரை தூக்கத்தைவிட அதிகமாகத் தள்ளாட்டத்தைத்தான் கொடுக்கும். இடுப்பெலும்பு முறிந்தால் அப்புறம் கதையே வேறு. மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களின் உயிருக்கே ஆபத்தை அதிகமாக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்திருக்கிறது. வேறு வழியே இல்லாத நிலையில் டாக்டர் அதைக் குறைந்த அளவில், கொஞ்ச காலத்துக்குக் கொடுப்பார். அது அவர் எடுக்க வேண்டிய முடிவு.

இனி அந்த மூன்று மணி. முப்பத்தைந்து வருஷம் விடியுமுன் எழுந்து இட்லி ஊற்றியவர் அவர். நோய் நேற்றையதை அழிக்கிறது, பழசை விட்டுவைக்கிறது. அவர் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் இன்னும் கடை திறக்கத்தான் அடிக்கிறது. ‘இப்ப ஏதும்மா கடை, போய்ப் படு’ என்று சொன்னால் சண்டைதான் வரும். ராத்திரி படுக்குமுன் ஒரு தூக்கில் மாவை ஊற்றி அவர் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். எழுந்து வந்தால் மூடியைத் திறந்து காட்டி, ‘மாவு அரைச்சாச்சு, பொங்கட்டும், கொஞ்சம் படுங்க’ என்று சொல்லிப் பாருங்கள். பத்தில் ஆறு நாள் பலித்தால்கூட லாபம். சிலிண்டரை ரெகுலேட்டரிலேயே மூடிவிட்டுத் தூங்குவது தினமும் நடக்க வேண்டும், அதில் ‘இன்னிக்கு மறந்துட்டேன்’ கிடையாது. கழிவறைக்குப் போகும் வழியில் சின்ன விளக்கு எரியட்டும். பகல் தூக்கம் குறைந்தால் ராத்திரித் தூக்கம் தானாகக் கூடும்.

பகலில் அவருக்கு வேலை கொடுங்கள். சின்ன வெங்காயம் உரிப்பது, கீரை ஆய்வது, வாழை இலை துடைப்பது. சரியாகச் செய்கிறாரா என்று பார்க்காதீர்கள். உரித்த வெங்காயத்தோடு தோலும் கலந்து கிடந்தால் பின்னால் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஊருக்கே சோறு போட்ட கை சும்மா மடியில் கிடப்பதுதான் அவரை அதிகம் அலைக்கழிக்கிறது.

‘வீட்டுக்குப் போகணும்’ என்பதற்கு, ‘இதுதாம்மா நம்ம வீடு’ என்று சொல்லாத பிள்ளை உலகத்தில் கிடையாது. பலன் அடைந்த பிள்ளையும் கிடையாது. அவர் கேட்பது பத்திரமாக இருந்த ஒரு காலத்தை. அது பிறந்த வீடாக இருக்கலாம், பழைய கடைத் தெருவாக இருக்கலாம். ‘சரி, போவோம். காபி குடிச்சிட்டுப் போவோம்’ என்று சொல்லுங்கள். அந்த வீட்டில் கிணறு இருந்ததா, யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். அப்புறம் செருப்பு மாட்டித் தெருமுனை வரை ஒரு நடை கூட்டிப் போய்த் திரும்புங்கள். திரும்பி வந்து படியேறும்போது அதுதான் வீடு. அந்தி நேரத்தில் வெளிச்சம் மங்கி நிழல் நீளும்போது பலருக்கு இந்தத் தவிப்பு கூடும். அதனால் ஐந்தரைக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். இன்னொன்று, சீரியலை நிறுத்துங்கள். அதில் கத்துகிறவர்களும் அழுகிறவர்களும் தன் வீட்டுக் கூடத்தில் நிற்பதாக அவர் நம்புகிறார். (டிமென்ஷியா இல்லாத எனக்கே சில சமயம் அப்படித்தான் தோன்றுகிறது.)

அப்பா எங்கே என்று கேட்டால்? இறந்த செய்தியை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவர் புதிதாகக் கேட்கிறார், புதிதாகத் துடிக்கிறார், அரை மணியில் மறந்துவிட்டு மறுபடி கேட்கிறார். ஒரே சாவை ஒரு மனுஷிக்கு எத்தனை தடவை சொல்வது? ‘அப்பா ஞாபகம் வந்துடுச்சா? சாம்பார் அவர் கைப்பக்குவமா, உங்க கைப்பக்குவமா?’ என்று பேச்சை அவர் பக்கமே திருப்புங்கள். பொய் சொல்கிறோமே என்று மனசு குத்தினால், இது பொய்கூட இல்லை, பதில் சொல்லாமல் நகர்வது, அவ்வளவுதான்.

செயின் விவகாரத்தில் உங்கள் நடத்தைதான் முக்கியம். வைத்த இடம் மறந்துபோகிறது. மறந்தது என்பதும் மறந்துபோகிறது. அப்புறம் மிச்சம் இருக்கும் ஒரே விளக்கம் ‘யாரோ எடுத்துட்டாங்க’. அந்த யாரோ எப்போதுமே பக்கத்தில் இருந்து பணிவிடை செய்கிறவர்தான். சென்னை அண்ணன் மேல் இந்தப் பழி விழாது. அசல் செயினை லாக்கரில் வைத்துவிட்டு, அதே மாதிரி கவரிங் செயின் இரண்டு வாங்கி வையுங்கள். உங்கள் மனைவி ‘நான் எடுக்கலை’ என்று வாதாட வேண்டாம். ‘வாங்க அத்தை, சேர்ந்து தேடலாம்’ போதும். நீங்களோ, ‘எங்கேதான் வச்சே?’ என்று மனைவியிடம் ஒரு தடவைகூடக் கேட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே கேட்டிருந்தால் இன்று இரவே மன்னிப்புக் கேளுங்கள். தெருவில் நான்கு வீட்டுக்கு நீங்களே போய், இது நோய் என்று சொல்லிவிடுங்கள். பூக்காரம்மா, டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு எல்லோரிடமும் உங்கள் நம்பர் இருக்கட்டும். அம்மாவின் வளையலிலோ சங்கிலி டாலரிலோ நம்பரைப் பொறித்துப் போடுங்கள். என்றைக்காவது அம்மாவைக் காணோம் என்றால் முதலில் பழைய கடை இருந்த இடத்தில் தேடுங்கள்.

போனில் நன்றாகப் பேசுகிறாராம். பேசுவார்தான். ‘சாப்பிட்டியா, புள்ளைங்க படிக்குதா, உடம்பைப் பார்த்துக்கோ’ என்பது ஐம்பது வருஷப் பழக்கத்தில் தானாக வரும் பேச்சு, பத்து நிமிஷம் தாங்கும். போனை வைத்ததும் ‘யார் பேசினது?’ என்று கேட்கிறாரா என்று பாருங்கள். அண்ணனிடம் வாதம் வேண்டாம். ஒரு வாரம் லீவு போட்டு வந்து தங்கச் சொல்லுங்கள். அந்த வாரம் உங்கள் மனைவி தன் அம்மா வீட்டில் இருக்கட்டும். குளிக்க மறுக்கும் அம்மாவைக் குளிக்க வைத்து, மூன்று மணிக்கு மாவுத் தூக்கைத் திறந்து காட்டிய பிறகு அவரே தங்கைக்குப் போன் செய்வார். தங்கை தூரத்திலிருந்து செய்யக்கூடியது பணம். பகலில் துணைக்கு ஒரு ஆள் வைக்கும் செலவை அவர் ஏற்கலாம். செலவு நோட்டு ஒன்று போட்டு மாதாமாதம் மூவருக்கும் அனுப்புங்கள். உறவு கெட்டுப்போவது கணக்கு எழுதுவதால் இல்லை, எழுதாமல் மனசில் வைத்திருப்பதால்தான்.

பவர் விஷயத்தில் அண்ணனுக்குத் தெரியாத ஒன்று. நம் நாட்டு ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 201-ஆம் பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் புத்தி சுவாதீனத்தை இழந்துவிட்டால் பவர் முடிந்துபோகும். எது தேவையோ அந்த நேரத்தில்தான் அது கைவிடும். புரியாத நிலையில் கைரேகை வாங்கினாலோ, நாளைக்கு நீங்கள் மூவரும் கோர்ட்டில் எதிரெதிரே நிற்க அதுவே போதும். தெளிவாகப் பேசும் நேரம் அவருக்கு இன்னும் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டு, நல்ல வக்கீல் ஒருவரை மூன்று பிள்ளைகளும் சேர்ந்தே பாருங்கள்.

உதவிக்கு ஆள் இருக்கிறார்கள். முதியோருக்கான எல்டர் லைன் 14567, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. இது அம்மாவுக்கு மட்டுமில்லை, உங்கள் மனைவிக்கும்தான். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-இல் தொடங்கியது. நடமாட முடியாத நிலை வந்தால் இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரணக் கவனிப்பும் வீட்டுக்கே வரும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். சென்னை அண்ணா நகரில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் டிமென்ஷியாவுக்கென்றே ஒரு பிரிவு நடத்துகிறது. அண்ணன் அங்கே போய் விசாரித்து வரட்டும், அவருக்கும் ஒரு வேலை ஆச்சு. இந்தியாவில் அறுபது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. உங்கள் தெருவிலேயே இன்னொரு வீடு இருக்கலாம், வெளியே சொல்லாமல்.

ஹோமில் சேர்ப்பது பாவம் இல்லை. ராத்திரிப் பகல் இரண்டு ஆள் தேவைப்படும் கட்டம் வந்து, வீட்டில் ஒரு ஆள்தான் இருக்கிறார் என்றால் அது நியாயமான முடிவு. ஆனால் பத்து நாள் குழப்பத்தை வைத்து இன்றைக்கே எடுக்க வேண்டிய முடிவு இல்லை. முதலில் அந்தப் பரிசோதனை.

கடைசியாக ஒன்று. இவ்வளவு பெரிய கடிதத்தில் உங்கள் மனைவி இரண்டு இடத்தில்தான் வருகிறார். ஒன்றில் செயின் திருடி, இன்னொன்றில் ‘பார்த்துக்கொள்கிறாள்’. அவருக்கு முதுகு வலிக்கிறதா, எத்தனை மணி நேரம் தூங்குகிறார், கடைசியாகக் கோயிலுக்குத் தனியாக எப்போது போனார், எதுவும் இல்லை. வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறோம் என்று நீங்கள் சொல்லும் ‘வீடு’ அவர் ஒருத்திதான். சாயங்காலம் ஐந்தரைக்குக் கடையில் பையனை உட்கார வைத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். ஏழரை வரை அம்மா உங்கள் பொறுப்பு. அந்த இரண்டு மணி நேரத்தில் உங்கள் மனைவி எங்கே போகிறார், என்ன செய்கிறார் என்று கேட்காதீர்கள். ஒரு மாதம் கழித்து எனக்கு இன்னொரு கடிதம் வரட்டும், அதை அவர் எழுதட்டும். நீங்கள் படித்துப் பார்க்காமல் ஒட்டித் தபாலில் போடுங்கள்.