சுவரில் மாட்டிய போட்டோவை நம்பி நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் பேச்சு வரவில்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் பேசிவிடுவான், நாலு லட்சம் ஆகும் என்கிறார்கள் ஒரு தனியார் கிளினிக்கில். வெளிநாட்டில் வருடாவருடம் நடக்கும் ஆட்டிசம் ஆராய்ச்சி மாநாட்டில் தங்கள் முடிவுகளை வைத்ததாக போட்டோவும் மாட்டியிருக்கிறார்கள். நான் ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறேன். மனைவியின் நகையை அடகு வைத்தால்தான் முடியும். வைக்கலாமா அக்கா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வாடிப்பட்டி

பதில்: வைக்காதீர்கள் தம்பி. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

அவர்கள் சொல்வது இன்சார் என்ற சர்வதேச ஆட்டிசம் ஆராய்ச்சி சங்கத்தின் மாநாடாக இருக்கலாம். 2001இல் சான் டியாகோவில் தொடங்கியது. ஒவ்வொரு வருடமும் ஒவ்வோர் ஊரில் நடக்கும். 2023இல் ஸ்டாக்ஹோம், 2024இல் மெல்போர்ன். கொரோனா காலத்தில், 2021 மே மாதம், அது ஆன்லைனில் நடந்தது. இங்கே ஊரடங்கு. பள்ளி இல்லாததால் ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு லேப்டாப்பில் உட்கார்ந்து பார்த்தேன். இருபது வருடத்துக்கு மேல் சிறப்புக் கல்வி ஆசிரியையாக இருந்தும், அந்த ராத்திரிகளில் கற்றுக்கொண்டது அதிகம். அந்த மாநாட்டின் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

அங்கே போஸ்டர் என்று ஒன்று வைப்பார்கள். ஆய்வை ஒரே பெரிய தாளில் சுருக்கி ஒட்டிவிட்டு, வருகிறவர்கள் கேட்பதற்குப் பக்கத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். பெரிய ஆய்வும் இருக்கும், பத்துப் பதினைந்து பிள்ளைகளை மட்டும் பார்த்த ஆரம்ப ஆய்வும் இருக்கும். நாலு பேர் குடைந்து கேட்கட்டும் என்றுதான் வைப்பது. மருத்துவ மாநாடுகளில் வைக்கும் ஆய்வுகளில் பாதிகூட முழுக் கட்டுரையாக வெளிவருவதில்லை என்று 2018இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் குழு கணக்கெடுத்துச் சொன்னது. ஆக, கிளினிக்கில் மாட்டியிருப்பது அப்படி ஒரு போஸ்டர் பக்கத்தில் எடுத்த போட்டோவாகவே இருந்தாலும், அது அந்த ஊசிக்கு உத்தரவாதம் ஆகாது.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 1998இல் செக்ரடின் என்ற ஹார்மோன் ஊசி போட்ட மூன்று பிள்ளைகள் தேறினார்கள் என்று ஓர் அறிக்கை வந்தது. உலகம் முழுக்கப் பெற்றோர் அதைத் தேடி அலைந்தார்கள். மறு வருடமே இன்னோர் ஆய்வில் பாதிப் பிள்ளைகளுக்கு அந்த ஊசி, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர் என்று போட்டுப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் முன்னேற்றம். முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர் அந்த ஊசி இன்னும் வேண்டும் என்றார்களாம். அதைப் படித்தபோது அழுதுவிட்டேன். அந்தத் தவிப்பு எனக்குத் தெரியும், உங்கள் கடிதத்திலும் அது இருக்கிறது.

ஸ்டெம் செல் என்பது உடலின் வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல். அந்த விஷயத்தில் நம் நாட்டு விதியே தெளிவாக இருக்கிறது. சில ரத்த நோய்கள் போன்றவை தவிர, மற்றதற்கு அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே போடலாம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டி. ஆய்வு என்றால் உங்களிடம் காசு வாங்கக் கூடாது. ஆட்டிசத்துக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022இல் சொல்லிவிட்டது.

சரி, வேறு என்ன செய்வது? கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. நிபுணர்கள் குறைவு என்பதால் சாதாரணப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பெற்றோரும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, பெற்றோரோடு உட்கார்ந்து திரும்பப் பார்ப்பார்கள். பிள்ளையின் போக்கோடு இசைந்து பெற்றோர் பேசுவது கூடியது. பிள்ளைகள் தாமாக அணுகுவதும் கூடியது. ஆட்டிசம் போய்விடும் என்று அவர்கள் சொல்லவில்லை.

திருமங்கலம் பக்கத்து அம்மா ஒருவரிடம் இதைச் செய்து பார்த்தேன். பையன் சில்வர் டப்பா மூடியைத் தரையில் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தான். அம்மா, “இது என்ன கலர்? சொல்லு சாமி, சொல்லு” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது: மூடி சாய்ந்து விழுந்ததும் அவன் ஒரு நொடி அம்மா முகத்தைப் பார்க்கிறான். அம்மா அப்போது மூடியைக் காட்டிக்கொண்டிருக்கிறார். மறுவாரம் கேள்வியே கேட்காமல் எதிரே உட்கார்ந்து, அவன் பார்த்தபோது “சுத்து” என்று மட்டும் சொன்னார். அவனே மூடியை எடுத்து அம்மா கையில் வைத்தான். வார்த்தை வர ஏழெட்டு மாதம் ஆயிற்று.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் காட்டி, பேச்சுப் பயிற்சி கேளுங்கள். மாற்றுத்திறனாளி அட்டை வாங்குங்கள். அது இருந்தால் மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடம் 1 லட்சம் வரை கிடைக்கும்.

இன்றைக்கே தொடங்குவதானால், உங்கள் போனை ஜன்னலில் சாய்த்து வைத்துப் பத்து நிமிடம் அவனோடு தரையில் உட்காருங்கள். ராத்திரி நீங்களும் உங்கள் மனைவியும் அதைப் போட்டுப் பார்த்து, அவன் உங்கள் முகத்தைப் பார்க்கும் இடம் வந்ததும் நிறுத்துங்கள்.