ஆணுறை போடுவதா என்று முடிவெடுப்பது யார்? ஆப்பிரிக்க நகரப் பெண்களும் எச்.ஐ.வி.யும்: கேள்வி பதில்

கே: கணவனைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்ணுக்கும் எச்.ஐ.வி. எப்படி வருகிறது?

ப: அந்த வீட்டில் ஆணுறையைப் பற்றி முடிவெடுப்பது அவன். அவள் கேட்டால், "என்னைச் சந்தேகப்படுகிறாயா?" என்று அடி விழும். வாடகையும் அவன் கட்டுகிறான் என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில் கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வந்த 1,366 பெண்களிடம் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. துணைவன் அடிக்கிற அல்லது கடுமையாக அடக்கி வைக்கிற பெண்களுக்குத் தொற்று இருக்கும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

கே: கொசுக்கடியால் பரவுமா?

ப: பரவாது.

கே: எல்லாவற்றுக்கும் வறுமைதானே காரணம்?

ப: அப்படிச் சொல்லிவிட முடியாது. கென்யாவின் 2003 தேசியக் கணக்கெடுப்பில் வசதியான வீட்டுப் பெண்களிடம்தான் தொற்று அதிகம்.

கே: ஒப்புக்கொள்ள மாட்டேன். கையில் காசிருந்தால் இளம்பெண் வயதில் மூத்தவனிடம் ஏன் போகிறாள்?

ப: நல்ல மறுப்பு. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று அறிய வைரஸின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 25 வயதுக்குட்பட்ட பெண்களுக்குத் தொற்றைக் கொடுத்த ஆண்கள் சராசரியாக 8.7 வயது மூத்தவர்கள். பணம் தந்து இளம்பெண்களை வைத்திருப்பவனை அங்கே 'பிளெஸ்ஸர்' என்பார்கள். ஆனால் அவன் வாங்கித் தருவதில் செல்போனும் கல்லூரிக் கட்டணமும் உண்டு. பசிக்காக மட்டும் நடப்பதல்ல இது. காசு எவன் கையிலிருந்து வருகிறதோ அவன் சொல்தான் படுக்கையிலும் செல்லும். வறுமை மட்டுமல்ல, அவனைச் சார்ந்திருப்பதே காரணம் என்கிறேன்.

கே: ஒழுக்கமாக இருந்தால் வராதுதானே?

ப: வரும். முதல் பதிலைப் படியுங்கள்.

கே: அவனுக்குத் தெரியாமல் அவள் என்ன பயன்படுத்தலாம்?

ப: தொற்று வராமல் தடுக்கத் தினமும் விழுங்கும் முன்தடுப்பு மாத்திரை உண்டு. ஆனால் டப்பா குலுங்கும். பார்த்தவர்கள் 'இவளுக்கு நோய்' என்பார்கள். தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வேயில் நடந்த 'வாய்ஸ்' ஆய்வில் மாத்திரை வாங்கிய பெண்களின் ரத்த மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றிலேயே மருந்து தென்பட்டது. அதாவது பலர் அதை ஒழுங்காக விழுங்கவில்லை. பெண்ணுறுப்புக்குள் வைக்கும் டாபிவிரின் மருந்து வளையமும் உண்டு. மாதாந்திர வளையத்தை 28 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது தரும் பாதுகாப்பு ஐம்பது சதவீதத்துக்கும் குறைவு. கபோடெக்ராவிர் ஊசி, முதல் இரண்டும் ஒரு மாத இடைவெளியில், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று. லெனகபாவிர் ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 2024இல் வந்த ஆய்வு முடிவில், அதைப் பெற்ற 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்றவில்லை. எதையும் தொடங்கும் முன் பரிசோதனை கட்டாயம்: ஏற்கெனவே தொற்று இருந்தால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும், பிறகு அந்த மருந்து கேட்காது.

கே: வல்லுறவு நடந்துவிட்டால்?

ப: 72 மணி நேரத்துக்குள் தொற்றைத் தடுக்கும் மருந்து, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல். தென்னாப்பிரிக்காவில் அதைப் பெற போலீஸ் புகார் தேவையில்லை, நியமிக்கப்பட்ட மருத்துவமனையில் சொன்னால் போதும். 2007 பாலியல் குற்றச் சட்டம் இடம் தருகிறது.

கே: தொற்று உறுதியான மனைவி, கணவனிடம் உடனே சொல்ல வேண்டுமா?

ப: மருத்துவமனை ஊழியர்களுக்குச் சொல்கிறேன்: "வீட்டில் அடிப்பாரா?" என்று தனியாகக் கேட்காமல் 'சொல்லிவிடு' என்று அனுப்பாதீர்கள். எத்தனை தடவையும் சொல்வேன். கர்ப்பகாலத்தில் முதலில் பரிசோதிக்கப்படுவது அவள். அதனாலேயே 'நீதான் கொண்டுவந்தாய்' என்ற பழியும் அவள்மேல். அடி விழும் என்றால், அவனையும் மருத்துவமனைக்கு வரச்சொல்லி ஆலோசகர் முன்னிலையில் சேர்ந்து பரிசோதிக்கலாம், அவள் சம்மதித்தால் மட்டும். எப்படியானாலும், தொற்று உறுதியான அன்றே அவளுக்குச் சிகிச்சையைத் தொடங்குங்கள்.