பல்லில் கறை, காலில் நொண்டல்: எரிமலைச் சாம்பலா, போர் தண்ணீரா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்கிறார். மூன்று வயதுக் கிடாரிகள் இரண்டுக்கும் முன்பல் பழுப்பேறிக் குழி விழுந்திருக்கிறது. பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கி நான்கு வருஷமாக வளர்க்கும் பசுவுக்குப் பல் சுத்தம், ஆனால் நொண்டுகிறது. 2025 நவம்பரில் எத்தியோப்பியாவில் வெடித்த எரிமலையின் சாம்பல் புல்லில் படிந்ததுதான் காரணம் என்கிறானாம் தம்பி மகன். புல்லை மாற்றவா, பாலை சொசைட்டியில் ஊற்றலாமா?

அம்மா, பையன் சும்மா சொல்லவில்லை. எரிமலைச் சாம்பல் நம் அடுப்புச் சாம்பல் மாதிரி இல்லை. நொறுங்கிய பாறையும் கண்ணாடித் துகளும். எரிமலை வாயுவில் இருக்கும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு அந்தத் துகள்மேல் ஒட்டிக்கொள்ளும். ஃபுளோரைடு அளவுக்கு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். துகள் எவ்வளவு பொடியோ, எடைக்கு எடை அவ்வளவு அதிகமாக ஒட்டும். அதனால் எரிமலைக்குத் தூரத்தில் மெல்லிசாகப் படிந்த சாம்பல்கூட மேய்ச்சலைக் கெடுக்கும். 1783-ல் ஐஸ்லாந்தில் லாக்கி எரிமலை வெடித்தபோது அந்த நாட்டு ஆடுகளில் ஏறக்குறைய 80 சதவீதமும் மாடுகளில் பாதியும் செத்தன. பட்டினியில் மனிதர்களும் மாண்டார்கள்.

ஆனால் பையன் சொல்லும் எத்தியோப்பிய எரிமலை ஹைலி குப்பி வெடித்தது நவம்பர் 23-ம் தேதி. கொச்சியில்கூட விமானங்கள் ரத்தானது உண்மைதான். சாம்பல் மேகமோ வெகு உயரத்தில் குஜராத், ராஜஸ்தான், டெல்லி வழியாகப் போய்விட்டது. அதைவிடப் பெரிய சாட்சி உங்கள் கிடாரியின் வாயிலேயே இருக்கிறது. கறைபட்ட முதல் ஜோடிப் பல் அந்த வருஷம் சித்திரையிலேயே முளைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபுளோரைடு பல்லைக் கெடுப்பது அது ஈறுக்குள் உருவாகும்போது, அதாவது கன்றின் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுவரை. முளைத்து முற்றிய பல்லை அது தொடாது. சந்தைப் பசு வளர்ந்த பிறகு வந்ததால் பல் தப்பியது, எலும்பு தப்பவில்லை.

ஆக, நான் சந்தேகப்படுவது உங்கள் 700 அடி போர்வெல்லை. உங்கள் ஊர் இருக்கும் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி மழைமறைவுப் பூமி. அடியில் இருக்கும் நைஸ் (gneiss) என்ற வரிவரியான கடும்பாறையில் பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட் கனிமங்கள் உண்டு. காரத்தன்மையுள்ள தண்ணீர் ஆழத்தில் வருஷக்கணக்காகத் தேங்கிக் கிடந்தால் அவற்றிலிருந்து ஃபுளோரைடு கரைந்து இறங்கும். ஆந்திராவில் அன்றைய நெல்லூர் மாவட்டத்தில் 1937-ல் ஃபுளோரைடால் வரும் இந்த நோய் மனிதர்களிடம் பதிவாவதற்கு முன்பே, உழவு மாடுகள் கால் விறைத்து நடக்க முடியாமல் போவதை விவசாயிகள் கவனித்திருந்தார்கள்.

பசுவின் முழங்காலுக்குக் கீழே எலும்பை விரலால் தடவிப் பாருங்கள்; மேடு மேடாகத் தட்டுப்படுகிறதா? கிடாரிகள் தொட்டியில் வாயை முக்கி உறிஞ்சாமல், பூனை மாதிரி நக்கி நக்கிக் குடிக்கின்றனவா? குளிர்ந்த தண்ணீர் பல்லில் கூசும்போது மாடு அப்படித்தான் குடிக்கும். காய்ச்சலும் வாயில் எச்சிலும் இருந்தால் அது கோமாரியாக இருக்கலாம். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். பாஸ்பரஸ் குறைந்தாலும் மாடு நொண்டும் என்பதால் தண்ணீரைச் சோதிக்காமல் முடிவுக்கு வர வேண்டாம். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து கேரள வாட்டர் அத்தாரிட்டி (குடிநீர்த் துறை) ஆய்வகத்தில் கொடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம்.

மாட்டுக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஃபுளோரைடு வரை பரவாயில்லை. வீட்டில் நீங்கள் குடிக்க 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. கொதிக்க வைத்தால் போகாது, வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். போரில் 3, திறந்த கிணற்றில் அரை மில்லிகிராம் என்று வந்தால், பாதிக்குப் பாதி கலக்க 1.75 ஆகிவிடும், கறவை மாட்டுக்கு அது போதும். கன்றுகளுக்கு மட்டும் கலப்பே வேண்டாம். மூன்று வயதுவரை கிணற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ மட்டும் வையுங்கள். தாது உப்பு வாங்கும்போது தீவனத்துக்கென்றே தயாரித்ததாகப் பார்த்து வாங்குங்கள். உரக்கடை ராக் பாஸ்பேட்டைக் கலந்துவிடாதீர்கள், அதிலும் ஃபுளோரைடு உண்டு.

புல்லை மாற்ற வேண்டாம். பாலில் இறங்கும் ஃபுளோரைடு மிகச் சொற்பம், தாராளமாக ஊற்றுங்கள். கிடாரிகளின் கறை இனிப் போகாது. தீவனத்தை நனைத்து மெதுவாக்கிக் கொடுத்தால் மெல்லச் சிரமப்படாது. பசுவின் எலும்பிலிருந்து ஃபுளோரைடு இறங்க வருஷங்கள் ஆகும். அதுவரை வலிக்கு மருந்து டாக்டர்தான் எழுத வேண்டும். சோதனைச் சீட்டையும் அவரிடம் காட்டுங்கள்.