வாடகைப் பத்திரத்தில் ‘லெட்’: அனுமதியா, தடையா?

கேள்வி: திருப்பூரில் பனியன் யூனிட் தொடங்க ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுக்கிறேன். ஆங்கிலப் பத்திரத்தில் ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ என்று ஒரு வரி இருக்கிறது. ‘லெட்’ என்றால் அனுமதி என்றுதானே படித்தோம்? அனுமதியில்லாமல் இருக்கிறேன் என்று நானே எழுதிக் கொடுப்பதாக ஆகிவிடாதா?

பதில்: ஆகாது. அந்த வரியில் ‘லெட்’ என்பதற்குத் தடை என்று பொருள். உரிமையாளர் தரப்பிலிருந்து எந்த இடையூறும் இன்றி நீங்கள் கட்டடத்தைப் பயன்படுத்தலாம் என்று உங்களுக்குச் சாதகமாக எழுதப்பட்ட வரி அது, நீக்கச் சொல்லிவிடாதீர்கள்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், பழைய ஆங்கிலத்தில் தனித்தனியாக இருந்த இரண்டு வினைச்சொற்கள் காலப்போக்கில் ஒலி தேய்ந்து ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டதுதான். ‘லேட்டன்’ என்பது விட்டுவிடுதலையும் அனுமதித்தலையும் குறித்தது. ஜெர்மன் மொழியின் ‘லாஸ்ஸன்’ அதற்கு உறவு. ‘லெட்டன்’ என்பது தாமதப்படுத்துதல், தடுத்தல். பஸ் லேட் என்கிறோமே, அந்த ‘லேட்’ இதன் இனம். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் ‘லெட்’ தடுத்தல் என்ற பொருளிலும் வருகிறது. வாசகர்களுக்கு அது புரியாமல் போனதால் 1881ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் வேறு சொற்களை இட்டார்கள். பேச்சிலிருந்து மறைந்த அந்தப் பொருள், பழைய சொற்றொடர்களை எளிதில் கைவிடாத சட்ட எழுத்தில் தங்கிவிட்டது. உங்கள் பாஸ்போர்ட்டின் உள்ளே குடியரசுத் தலைவரின் பெயரால் விடுக்கப்படும் வேண்டுகோளிலும் இதே தொடரைக் காணலாம். டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையை உரசிச் சரியான கட்டத்தில் விழுந்தால் ‘லெட்’ என்று அறிவிப்பதையும் இந்தத் தடைப் பொருளோடுதான் பொதுவாகச் சேர்க்கிறார்கள்.

‘டு லெட்’ பலகையில் இருக்கும் ‘லெட்’, விட்டுவிடுதலைக் குறித்த ‘லேட்டன்’ வழி வந்தது. தமிழில் ‘போக விடு’ என்பதிலும் ‘வாடகைக்கு விடு’ என்பதிலும் ஒரே வினை வருவதால், இந்தப் பொருள் விரிவு நமக்குப் புதிதல்ல.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது ‘சப்லெட்’ என்ற சொல் வரும் நிபந்தனையை. கட்டடத்தில் ஒரு பகுதியைப் பவர் டேபிள் (மோட்டாரில் இயங்கும் தையல் இயந்திர வரிசை) வைத்திருப்பவருக்கு உள்வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால், உரிமையாளரோடு அதற்கெனத் துணை ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் அதையே கேட்கிறது.